மின்னூலும் சுதேசியமும்

பழுப்பு நிலக்கரியினால் பெயர் பெற்ற நெய்வேலிக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1998-ஆம் வருஷம் அங்கே தொடங்கிய புத்தகக் கண்காட்சி, சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டில் நடைபெற்றுவரும் புத்தகச் சந்தைகளில் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. சுரங்கத்திலும் மின்சார நிலையத்திலும் உழைக்கும் தொழிலாளர்கள் மனைவி மக்களோடு வந்து, கடை கடையாகப் பார்த்து, கையில் ஒரு கட்டுப் புத்தகத்தோடு வீடு திரும்பும் காட்சியை எந்தத் தேசாபிமானியும் மகிழ்ச்சியோடுதான் நோக்குவான். ஒரு தொழில் நகரம் கரியை மட்டும் தோண்டி எடுப்பதோடு நில்லாமல் கல்வியையும் நாடுகிறது என்பதற்கு அது அத்தாட்சி.

ஆனால் இத்தகைய சந்தைகளில் இப்பொழுது ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. கைப்பேசியிலேயே ஆயிரம் நூல்கள் அடங்கிவிடும் காலத்தில் காகிதப் புத்தகம் நிலைக்குமா, நிலைக்காதா என்பதே அது. நிலைக்கும் என்போர் ஒரு கட்சி. மடியும் என்போர் மறு கட்சி. இரு சாராரும் ஆண்டுதோறும் இதே வாதத்தைச் செய்து களைத்துப்போகிறார்கள். நம்முடைய அபிப்பிராயத்தில் இந்த வாதம் வீண். ஓலை போய்க் காகிதம் வந்தபோது தமிழ் அழியவில்லை. காகிதத்தோடு திரையும் சேர்ந்துகொள்வதாலும் அழியாது. ஆராய வேண்டிய கேள்வி வேறு. காசு கொடுத்து வாங்கும் மின்னூல் யாருக்குச் சொந்தம்? தமிழ் நூல்கள் அடங்கிய களஞ்சியத்தின் சாவி யார் கையில் இருக்கிறது? இதைப்பற்றி நம்மவர்களில் யோசிப்போர் மிகச் சிலரே.

சொந்தம் எது, இரவல் எது என்பதை நெய்வேலிவாசிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிவந்ததாக அந்த ஊர் வரலாறு கூறுகிறது. பூமிக்குள் செல்வம் இருந்தது உண்மை. ஆனால் அதை எடுக்க ஸ்தாபனம் வேண்டியிருந்தது. 1956-ஆம் வருஷம் பொதுத்துறையில் கார்ப்பரேஷன் ஏற்பட்டது. 1957-இல் ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-இல் மின்சார உற்பத்தி ஆரம்பமாயிற்று. பிற்காலத்தில் அதன் பங்குகளை விற்கும் பேச்சு எழுந்தபொழுதெல்லாம் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். 2013-இல் மத்திய சர்க்கார் தன் பங்குகளில் ஒரு பகுதியை விற்க முற்பட்டபோது வேலைநிறுத்தம் மூண்டது. கடைசியில் அந்த 3.56 சதவிகிதப் பங்குகளையும் தமிழ்நாட்டுச் சர்க்காரின் ஐந்து ஸ்தாபனங்களே வாங்கிக்கொண்டன. பொதுச் சொத்து கைமாறினாலும் பொதுக் கையிலேயே இருக்க வேண்டும் என்ற உணர்ச்சி அன்று வென்றது. நிலக்கரிக்கு உண்டான இந்த உணர்ச்சி நூல்களுக்கு ஏன் உண்டாகக் கூடாது? நிலக்கரி ஒருமுறை எரிந்தால் தீர்ந்துவிடும். நூலோ எடுக்க எடுக்கக் குறையாத சுரங்கம் அல்லவா?

மின்னூலினால் விளைந்த நன்மைகளை நாம் குறைத்துக் கூறமாட்டோம். 1998-ஆம் வருஷம் பொங்கல் திருநாளில் மதுரைத் திட்டம் என்ற முயற்சி தொடங்கிற்று. அதன் சூத்திரதாரிகள் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த விஞ்ஞானி கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ஜுனனும். சம்பளமில்லை, கட்டடமில்லை, சர்க்கார் மானியமில்லை. பல தேசங்களில் சிதறிக்கிடந்த தமிழர்கள் வேலை முடிந்து வீடு வந்தபின் உட்கார்ந்து சங்க நூல்களையும் காப்பியங்களையும் பக்திப் பாடல்களையும் எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து, மற்றொருவர் பிழை திருத்தி, உலகுக்கு இலவசமாக வழங்கினார்கள். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அந்தத் தொண்டின் வாரிசுகள் என்று இவர்களைச் சொன்னால் மிகையாகாது. நெய்வேலியில் இருக்கும் மாணவனும் நியூஜெர்ஸியில் இருக்கும் மாணவனும் ஒரே நிமிஷத்தில் ஒரே நூலைத் திறந்து படிக்க முடிகிறதென்றால் அது இவர்கள் செய்த உபகாரம்.

ஈழத்தையும் நினைவுகூர்வோம். 1981-ஆம் வருஷம் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது சுமார் 97,000 புத்தகங்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. வேறு பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றில் அடங்கும். இழந்ததை எந்த யந்திரமும் மீட்டுத் தராது. ஆனால் எஞ்சியது மறுபடியும் ஒரு தீயில் போய்விடக்கூடாது என்று 2005-இல் தொண்டர்கள் சிலர் நூலகம் என்ற பெயராலேயே ஓர் இணையக் களஞ்சியத்தை ஏற்படுத்தி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படமெடுத்துச் சேமித்துவருகிறார்கள். ஒரே ஊரில், ஒரே கட்டடத்தில், ஒரே பிரதியாக இருப்பதை எரிக்கலாம். நூறு ஊர்களில் இருப்பதை எந்தப் பகைவன் எரிப்பான்? மின்னூலின் மெய்யான பலம் இதுதான். எளிதில் பெருகுவதே அதன் பாதுகாப்பு.

இந்தப் பலத்தைத்தான் வியாபாரக் கம்பெனிகள் தலைகீழாக்கிவிடுகின்றன என்பது நமது புகார். 2016-ஆம் வருஷம் டிசம்பரில் அமேசான் கம்பெனி தன் கிண்டில் கடையில் தமிழ் மின்னூல்களை விற்கத் தொடங்கியது. பதிப்பாளர் கிடைக்காத இளம் எழுத்தாளர்கள் பலருக்கு அது வழி திறந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அங்கே விற்பது என்ன என்பதை வாசகர் அறிந்திருக்க வேண்டும். காசு கொடுத்து நாம் பெறுவது புத்தகமன்று. படிப்பதற்கான அனுமதிச் சீட்டு. படித்து முடித்தபின் அதை நண்பனுக்குக் கொடுத்துவிட முடியாது. பழைய புத்தகக் கடையில் விற்க முடியாது. மகனுக்குச் சொத்தாக வைத்துவிட்டுப் போகவும் முடியாது.

இது வீண் பயம் என்று எண்ணுவோருக்கு நடந்த சம்பவங்களையே எடுத்துச் சொல்வோம். 2009-ஆம் வருஷம் ஜூலையில், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நூல்களை வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தும், உரிமையில்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்று காரணம் கூறி, அமேசான் கம்பெனி அவர்களுடைய கருவிகளிலிருந்தே அவற்றை அழித்துவிட்டது. பணம் திரும்பி வந்தது, மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் புகுந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப்போகும் சக்தி கடைக்காரனிடம் இருக்கிறதென்று உலகம் அன்று அறிந்துகொண்டது. 2019-இல் மைக்ரோசாப்ட் கம்பெனி தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியோர் கையிலிருந்த நூல்களும் கடையோடு மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். 2025-ஆம் வருஷம் பிப்ரவரி 26-ஆம் தேதி முதல், கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கிவைத்துக் கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியும் நிறுத்தப்பட்டது. வரவரக் கயிறு இறுகுகிறதேயன்றித் தளரவில்லை.

நூல்நிலையங்களின் கதியையும் பாருங்கள். 2011-இல் ஹார்ப்பர் காலின்ஸ் என்ற பெரிய பதிப்பகம் அமெரிக்க நூல்நிலையங்களுக்கு ஒரு நிபந்தனை விதித்தது. ஒரு மின்னூலை 26 தடவை இரவல் கொடுத்தவுடன் அது காலாவதியாகிவிடும். மறுபடியும் பணம் கொடுத்து வாங்க வேண்டும்! காகிதப் புத்தகம் கூட நைந்துபோகும் அல்லவா என்று அதற்குச் சமாதானம் கூறப்பட்டது. நையாத பொருளை வலிந்து நையச்செய்யும் இந்த விந்தை வியாபாரத்துக்கு மட்டுமே கைவந்த வித்தை. நம்முடைய கிராமத்து நூலகங்களில் நாற்பது வருஷமாகக் கைமாறிக் கைமாறி, அட்டை போய், முதற்பக்கம் போய், இன்னும் உயிரோடிருக்கும் புத்தகங்கள் எத்தனை! 26-ஆவது வாசகனோடு நிறுத்தியிருந்தால் நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்?

நாம் அன்னியக் கம்பெனிகளைப் பகிஷ்கரிக்கச் சொல்கிறோமா என்று சிலர் கேட்கலாம். இல்லை. அயல்நாட்டார் செய்த நன்மையை மறப்பது நன்றிகேடு. கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த சுமார் ஒரு லட்சம் அச்சுப் பொருள்கள், 1992-இல் அவர் காலமான பின், சிதறிப்போகாமல் காப்பாற்றப்பட்டது சிகாகோ பல்கலைக்கழகத்தார் அவற்றை விலைக்கு வாங்கியதனாலேயே. வாங்கியவர்கள் அவற்றைக் கடல்கடந்து கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைநிறுத்தினார்கள். ஆகவே கேள்வி, அவன் அன்னியனா நம்மவனா என்பதன்று. பொருள் பொதுவில் நிற்கிறதா, பூட்டுக்குள் போகிறதா என்பதே. நாளைக்கு ஒரு தமிழ் முதலாளி இதே பூட்டைப் போட்டாலும் நம்முடைய ஆட்சேபம் இதுவாகவே இருக்கும். 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஏற்படுத்தியது ஆங்கிலேயர் கப்பலில் ஒருவரும் ஏறவே கூடாது என்பதற்காக மட்டுமன்று. நமக்கென்று ஒரு கப்பல் இல்லாதபோது அவன் கேட்ட கூலியே கூலி, அவன் சொன்ன நேரமே நேரம் என்றிருந்த நிலையை ஒழிப்பதற்காக. இன்று நூல்களுக்கும் அப்படியொரு சொந்தக் கப்பல் வேண்டும்.

இந்தத் துறையில் தமிழர்களுக்கு ஒற்றுமையின் பலன் தெரியாததன்று. ஒரு காலத்தில் கணினியில் ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வோர் எழுத்துருவை வைத்துக்கொண்டு, ஒருவர் அடித்தது மற்றொருவருக்குப் புரியாத கிறுக்கலாகத் தெரிந்தது. 1999-ஆம் வருஷம் சென்னையில் கூடிய தமிழ்இணையம் மகாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் பொதுமுறை வகுக்கப்பட்டது. 2010-இல் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஒருங்குறியை அங்கீகரித்தது. அந்தப் பொதுமுறை இல்லாவிட்டால் இன்று கைப்பேசியில் தமிழ் ஓடுமா? ஆயினும் பழைய எழுத்துருக்களில் கோத்த நூல்கள் பல, பதிப்பாளர்களின் தட்டுகளில் இன்னும் அடைபட்டுக் கிடக்கின்றன. அந்தக் கணினிகள் பழுதாகிவிட்டால் அந்த உழைப்பும் போயிற்று.

இணையத்தில் எழுதியதெல்லாம் என்றும் நிற்கும் என்ற எண்ணமும் மாயையே. ஜியோசிட்டீஸ் என்ற இலவச இடத்தை அதன் சொந்தக்காரர்கள் 2009-இல் மூடினார்கள். கூகிள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது. அங்கே எழுதிக் குவித்தோர், பிரதி எடுத்து வைத்திருந்தாலன்றி, எல்லாவற்றையும் இழந்தார்கள். இன்று முகநூலில் தினந்தோறும் எழுதும் தமிழர்களின் கதை, அனுபவம், விவாதம் எல்லாம் இதே வாடகை வீட்டில்தான் குடியிருக்கின்றன. காலையில் ஆயிரம் பேர் பாராட்டிய எழுத்து மாலையில் தேடினால் அகப்படுவதில்லை. விருப்பக்குறியின் எண்ணிக்கையே எழுத்தின் அளவுகோலாகிவிட்டால், ஓர் அத்தியாயத்தை ஒரு மாதம் யோசித்து எழுதும் பொறுமை எங்கிருந்து வரும்? எழுதுகிறவர்கள் தம் எழுத்தைத் தொகுத்து நூலாக்கி, திறந்த வடிவத்தில் பிரதி வைத்துக்கொள்வது தற்காப்பு. வீண் புகழ்ச்சி ஆகாது.

பொதுவுடைமை பேசும் நாம் எழுத்தாளனின் கூலியையும் பேசியாக வேண்டும். வாட்ஸப்பிலும் டெலிகிராமிலும் உயிரோடிருக்கும் ஆசிரியர்களின் நூல்களை நகலெடுத்து அனுப்புவதை இலக்கியத் தொண்டு என்று சிலர் நினைக்கிறார்கள். அது தொண்டன்று, களவு. இருநூறு ரூபாய்ப் புத்தகத்தில் ஆசிரியனுக்குச் சேரவேண்டிய சொற்பத் தொகையையும் பறிப்பவன், நூலை நேசிப்பவனாக இருக்க முடியாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 வருஷமும் உரிமை உண்டு. அதன்பின் நூல் உலகத்தின் சொத்து. அதற்கு முன்பே பொதுவாக்க நம் நாட்டில் நேர்மையான மார்க்கம் இருக்கிறது. 1949-இல் சென்னைச் சர்க்கார் பாரதியாரின் நூல்களுக்கு உரிமையைப் பெற்றுப் பின்னர் அதைப் பொதுமக்களுக்கே அளித்தது. அந்த முன்மாதிரியைப் பின்பற்றி எத்தனையோ ஆசிரியர்களின் நூல்கள், வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து, நாட்டுடைமையாக்கப்பட்டிருக்கின்றன. தாமே மனமுவந்து தம் நூல்களைப் பொதுவில் வைக்கும் ஆசிரியர்களும் உண்டு. 2013 முதல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தொண்டர்கள் அத்தகைய நூல்களைக் கைப்பேசிக்கும் கணினிக்கும் ஏற்றபடி அமைத்து இலவசமாக வழங்கிவருகிறார்கள். கேட்டுப் பெற்றுக் கொடுப்பதற்கும், கேளாமல் எடுத்துக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் தர்மத்துக்கும் அதர்மத்துக்கும் உள்ள வித்தியாசமாகும்.

சரி, செய்யவேண்டியது என்ன?

முதலாவது, நூல்நிலையம். சுதந்தர இந்தியாவில் முதலாவது பொது நூல்நிலையச் சட்டம் 1948-இல் சென்னையில்தான் நிறைவேறிற்று. அதற்குப் பின்னணியில் நின்றவர் சீகாழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் புத்தகம் சென்றதை ஊக்கி வளர்த்தவரும் அவரே. சொத்துவரியோடு ஜனங்கள் கட்டும் நூலக வரி இன்றும் வசூலாகிறது. அந்தப் பணத்தில் காகிதப் புத்தகத்துக்கு ஆணை கொடுப்பதைப்போல மின்னூலுக்கும் கொடுக்க வேண்டும். ஆனால் வாடகைக்கன்று, கிரயத்துக்கு. வாங்கிய நூல் காலாவதியாகாது, கடை மூடினாலும் நூல்நிலையத்தில் நிற்கும் என்ற நிபந்தனையை ஏற்கும் பதிப்பாளருக்கே பணம் என்று சர்க்கார் சொல்லட்டும். தமிழ்ப் பதிப்பாளர்களும் அதனால் லாபமடைவார்கள்.

இரண்டாவது, சட்டம். அச்சிட்ட ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைச் சென்னைக் கன்னிமாரா முதலிய நூலகங்களுக்குக் கொடுக்க வேண்டுமென்பது 1954-ஆம் வருஷத்துச் சட்டம். அச்சுப் புத்தகத்தை மனத்தில் வைத்து இயற்றிய சட்டம் அது. அச்சேறாமல் மின்னூலாகவே பிறக்கும் தமிழ் நூல்கள் பெருகிவரும் காலத்தில், அவற்றுக்கும் பூட்டில்லாத ஒரு பிரதி பொது நூலகத்தில் சேரும்படி விதி செய்யாவிட்டால், இந்தத் தலைமுறையின் எழுத்தை வருங்கால ஆராய்ச்சியாளன் எங்கே தேடுவான்?

மூன்றாவது, எழுத்து. பக்கத்தைப் படம்பிடித்து ஏற்றிவிட்டால் மின்னூல் ஆகிவிட்டது என்று பலர் திருப்தியடைகிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் குவிந்திருப்பது போற்றத்தக்கதே. ஆனால் படம் ஏட்டைக் காப்பாற்றும்; எழுத்துத்தான் கல்வியைப் பரப்பும். படத்துக்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. கண்பார்வை இல்லாதவருக்குக் கணினி அதை வாசித்துக் காட்டவும் முடியாது. பார்வையற்றோர்க்காக நூல்களை வேறு வடிவில் ஆக்கிக்கொள்ள 2012-ஆம் வருஷத் திருத்தத்தால் சட்டம் இடம் கொடுத்தது. அதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகில் முதலாவதாக ஏற்ற தேசம் இந்தியா. சட்டம் முன்னே போய் நிற்கிறது. வேலை பின்னே கிடக்கிறது. கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் ஆளுக்கு நூறு பக்கம் பிழைதிருத்தினால் எத்தனை நூல்கள் உயிர்பெறும்!

நான்காவது, நெய்வேலி. சுரங்கம் விரிய விரிய அதைச் சுற்றியிருந்த கிராமங்கள் இடம்பெயர்ந்தன. நிலம் கொடுத்தோரின் மனக்குறை இன்னும் ஆறவில்லை. அவர்களுக்கு நியாயமான ஈடும் வேலையும் வேண்டுமென்பது தனி விஷயம். அதை நாம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஊர்களின் பெயர், கோவில், ஏரி, திருவிழா, வயல்களுக்கு வழங்கிய பெயர்கள், மூத்தோர் சொல்லும் கதைகள் இவையெல்லாம் மேல்மண்ணோடு மண்ணாகிப் போக வேண்டுமா? அவற்றை நேரில் பார்த்தவர்கள் முதுமையடைந்துவருகிறார்கள். தென்னிந்திய ராஜ்யங்களுக்கெல்லாம் மின்சாரம் வழங்கும் ஸ்தாபனத்துக்கு, புத்தகக் கண்காட்சி நடத்தும் பெருந்தன்மை படைத்த ஸ்தாபனத்துக்கு, அந்தக் கிராமங்களின் வரலாற்றை எழுதுவித்து, பழைய பத்திரங்களையும் புகைப்படங்களையும் சேர்த்து, எவரும் இலவசமாகப் படிக்கும் மின்னூல்களாக வெளியிடுவது பெரிய காரியமன்று. கண்காட்சியிலே அதற்கென்று ஒரு கடை விரிக்கட்டும். தொழிலாளர் சங்கங்களும் நகரியத்துப் பள்ளிகளும் அந்த வேலையில் கைகொடுக்கட்டும். ஊரை இழந்தவனுக்கு ஊரின் சரித்திரத்தையாவது திருப்பிக் கொடுப்பது கடமை.

இவையெல்லாம் கோடிக்கணக்கான செலவில் நடக்கவேண்டிய காரியங்கள் அல்ல. மதுரைத் திட்டத்தார் மூலதனமின்றித் தொடங்கினார்கள். நூலகம் அமைத்தோர் சாம்பலின் நினைவிலிருந்து தொடங்கினார்கள். நம்மிடம் வரிப்பணம் இருக்கிறது, நூல்நிலையங்கள் இருக்கின்றன, படித்த வாலிபர்கள் இருக்கிறார்கள். இல்லாதது, இது நம்முடைய சொத்து என்ற உறுதி ஒன்றுதான். வாசகர்கள் தங்கள் ஊர் நூலகத்துக்குச் சென்று, மின்னூல் வாங்கியிருக்கிறீர்களா, எந்த நிபந்தனையில் வாங்கினீர்கள் என்று கேட்கட்டும். சட்டசபைக்கு வோட்டுக் கேட்டு வருகிறவரிடம் நூலக வரி எங்கே போகிறதென்று விசாரிக்கட்டும். பூமிக்குள்ளிருந்த கரியைப் பொதுச் சொத்தாக்கி விளக்கேற்றிய ஜாதி நாம். அந்த விளக்கின் ஒளியில் படிக்கும் நூலைப் பிறர் பூட்டுக்குள் விட்டுவைப்பது நமக்கு அழகாகாது.